காத்திருப்பதும் வேலைதான்

ஒரு டெஸ்ட், 2 ஒருநாள் ஆட்டம், 4 இருபது ஓவர் ஆட்டம். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியச் சட்டை போட்டு இதுவரை ஆடிய கணக்கு இவ்வளவுதான். கூட்டினால் ஏழு ஆட்டம், 13 விக்கெட்.

எங்கள் ஜலகண்டாபுரத்துக்குச் சின்னப்பம்பட்டி பக்கத்து ஊர். அதனால் இந்தக் கணக்கை இங்கே எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் இளவட்டம் ஒன்று, "ஏழே மேட்ச்சுக்கா தாத்தா இத்தனை பேச்சு?" என்று கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர், "பாவம், முட்டி போகாம இருந்திருந்தா எங்கியோ போயிருப்பான்" என்று உச்சுக் கொட்டுவார். ஒருவர் இளக்காரமாகப் பேசுகிறார், இன்னொருவர் இரக்கப்படுகிறார். எண்ணுவது என்னவோ இருவரும் ஒரே மாதிரிதான். ஆடிய ஆட்டத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஆடாமல் உட்கார்ந்திருந்த ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை. தறிக்குழியில் கால் வைத்தே வயதானவன் நான். எனக்கு அந்த உட்கார்ந்திருந்த ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

நடராஜன் பிறந்தது 1991. அப்பா நெசவுக்கூடத்தில் கூலிக்குப் போனவர். அம்மா சாலையோரத்தில் சிக்கன் கடை போட்டிருந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் இவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வீட்டின் மூத்த பையன் என்ன ஆவான் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் தறிக்குப் போவான், இல்லையென்றால் திருப்பூருக்கு பஸ் ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை அறுவடை முடிந்த காட்டில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் ஆடுவான். கல்யாணம் ஆனால் அதுவும் நின்றுபோகும்.

இருபது வயதுவரை நடராஜன் ஆடியதும் அந்த டென்னிஸ் பந்துதான். அங்கே கற்ற ஒரு வித்தைதான் கடைசிவரை அவருக்குச் சோறு போட்டது. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. மட்டையில் பட்டால் காட்டைத் தாண்டிப் போய்விடும். எல்லைக்கோடோ கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டம் என்பதால் வருகிறவன் எல்லாம் முதல் பந்திலிருந்தே சுற்றுவான். அவனை அடக்க ஒரே இடம் அவன் காலடி. மட்டையைக் கீழே இறக்குவதற்குள் பந்து கட்டைவிரல் பக்கம் புகுந்துவிட வேண்டும். அதுதான் யார்க்கர். கையிலிருந்து பந்தை விடுவது இம்மி முந்தினால் ஃபுல்டாஸ் ஆகும், இம்மி பிந்தினால் முன்னாலேயே குத்தி மட்டைக்கு வாகாக எழும்பும். இரண்டும் சிக்ஸர்தான். காலடியில் ஒரு சாண் இடம், அதற்குள் போட்டால்தான் பிழைப்பு. அந்த ஒரு சாண் இடத்தில் அவர் வருடக்கணக்காகப் போட்டுப் பழகினார். கோச் கிடையாது, அகாடமி கிடையாது.

அதே ஊரில் அவருக்கு மூத்தவர் ஏ. ஜெயப்பிரகாஷ். பையன் கையில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டு சென்னைக்குக் கூட்டிப்போய் லீக் ஆட்டத்தில் சேர்த்துவிட்டவர் அவர்தான். முதலில் கிடைத்த இடம் நான்காம் டிவிஷனில் ஆடும் பி.எஸ்.என்.எல். அணி. அங்கே கையில் கொடுத்த கிரிக்கெட் பந்தின் எடை 156 கிராமுக்குக் குறையாது. தோளும் மணிக்கட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடைக்கு மறுபடி பழக வேண்டும். பழகினார். விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு பெயர் பெற்ற ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடினார்.

அந்த முதல் ரஞ்சி ஆட்டத்தோடு வினையும் வந்தது. பந்து போடும் முறையில் சந்தேகம் இருக்கிறது என்று புகார். பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் மடங்கி நிமிரக் கூடாது என்பது விதி. இவர் கை அதை மீறுகிறது என்றார்கள். ஓராண்டுபோல ஆட்டமே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கைதான் அவருக்கு எல்லாம் தந்த கை. அது தவறு என்று சொன்னால் யாருக்கும் ரோஷம் வரும். "ஊர்க்காட்டுப் பையன் மேலே வந்தது பொறுக்கலை" என்று ஊரில் நாலு பேர் ஏற்றிவிடவும் செய்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தால் ஆறுதல் சொல்ல ஆள் நிறைய இருந்திருக்கும். அவர் சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா போன்ற மூத்தவர்களிடம் போய் நின்று, ஓடிவருவதிலிருந்து கையை வீசுவதுவரை புதிதாகக் கற்றுக்கொண்டார். பழைய கையை மறந்து புதுக் கையைப் பழக்குவது, முதன்முதலாகப் பழகுவதைவிடக் கடினம். வலக்கைப் பழக்கத்தை இடக்கைக்கு மாற்றிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற டி.என்.பி.எல். தொடங்கியது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடிய நடராஜன், சூப்பர் ஓவர் ஒன்றில் ஆறு பந்தையும் யார்க்கராகவே இறக்கினார். எதிரே மட்டை பிடித்தவர் இந்தியாவுக்கு ஆடிய அபினவ் முகுந்த். அந்தப் பெயர் வடக்கே, பஞ்சாப் ஐ.பி.எல். அணிப் பொறுப்பில் இருந்த சேவாக் காதுவரை போயிற்று. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி, 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை 3 கோடிக்கு எடுத்தது. ஊரே தூங்கவில்லை.

ஆனால் ஆறு ஆட்டத்தில் 2 விக்கெட்தான் கிடைத்தது. அடுத்த ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018 தொடர் முழுக்க ஒரு ஆட்டம் இல்லை. 2019-லும் ஒரு ஆட்டம் இல்லை. தினமும் வலையில் போட வேண்டும், சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போக வேண்டும், ஓரத்தில் உட்கார வேண்டும், ஆடுகிறவனுக்குத் தண்ணீர் கொண்டு போக வேண்டும். இந்தியோ ஆங்கிலமோ சரளமில்லாத பையனுக்கு அந்த அறை எப்படி இருந்திருக்கும்! பந்துவீச்சுப் பயிற்சியாளராக, தமிழ் பேசும் முத்தையா முரளிதரன் அங்கே இருந்தது ஒரு புண்ணியம்.

தறிக்காரனுக்கு இது அந்நியமான நிலைமை இல்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்தான் பாவு; ஒரு பாவு தீர்ந்தால் அடுத்த பாவு வரும்வரை தறி நிற்கும். நூல் விலை ஏறினால் முதலாளி பாவு தரமாட்டார். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினாலும் நிற்கும். அந்த நாட்களில் தெருவில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் திண்ணையில் சீட்டாடுவார். இன்னொருவர் நாடா முனையில் செதில் எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத் தேய்ப்பார், விழுதில் நைந்த கயிற்றை மாற்றுவார், அச்சில் வளைந்த பல்லை நிமிர்த்துவார், தார் சுற்றிக் கூடையில் அடுக்குவார். இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கூலி இல்லை. பாவு வந்து ஏறிய முதல் நாள் மாலையில் துணியைப் பார்த்தால் யார் எப்படி இருந்தார் என்பது தெரிந்துவிடும். சீட்டாடியவர் துணியில் இழை அறுந்து அறுந்து முடிச்சாகக் கிடக்கும்.

கடல் கடந்து போனாலும் இதே கதைதான். அமெரிக்காவில் அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம்முடைய கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, மோதி வீழ்த்துகிற முரட்டு ஆட்டம். அதில் வைட் ரிசீவர் என்று ஓர் இடம் உண்டு. நடுவிலிருந்து ஒருவர் தூர எறிகிற பந்தை ஓரத்தில் ஓடிப்போய் வாங்குவதுதான் இவர் வேலை. ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் ஓட வேண்டும். பந்து தன் பக்கம் வருமா என்பது ஓடும்போது தெரியாது. பெரும்பாலும் வராது. வராது என்று தெரிந்தும் அதே வேகத்தில் ஓடினால்தான் எதிராளி பின்னாலேயே வருவான், இன்னொருவருக்கு இடம் கிடைக்கும்.

அந்த இடத்தில் ஆடியவர்களில் தலைசிறந்தவர் என்று பலரும் சொல்வது ஜெர்ரி ரைஸ் என்பவரை. மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர்க்காரர், அப்பா கொத்தனார். கோடையில் அப்பாவுக்குச் சித்தாளாகப் போய், கீழிருந்து அண்ணன்தம்பி எறியும் செங்கலைச் சாரத்தில் நின்று பிடித்துப் பிடித்தே கை உறுதியானது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத அந்தப் பையன் 1985-இல் சான் பிரான்சிஸ்கோ அணியில் தொடங்கி, 2004 வரை இருபது சீசன் ஆடினார். மொத்தம் 303 ஆட்டங்களில் 1,549 முறை பந்தைப் பிடித்தார். இது அந்த ஆட்டத்தின் சாதனைக் கணக்கு. வகுத்துப் பாருங்கள், ஒரு ஆட்டத்துக்கு ஐந்து சொச்சம்தான். ஒரு மணி நேர ஆட்டத்தில் சாதனைக்காரர் கையிலேயே பந்து ஐந்து முறைதான் வந்திருக்கிறது. மீதி நேரமெல்லாம் வெறுங்கையோடு ஓடிய ஓட்டம். சீசன் முடிந்த மாதங்களிலும் மேட்டில் ஏறி ஏறி ஓடுவது அவர் பழக்கம். கூட வந்து ஓடிய இளைஞர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்களாம். அந்த ஊரில் ஒரு வீரரின் ஆட்டக்காலம் சராசரியாக மூன்று ஆண்டு சொச்சம் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது. ரைஸ் ஆடியது இருபது.

நடராஜனுக்குப் பாவு வந்தது 2020-இல். கொரோனாவால் ஐ.பி.எல். ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போயிற்று. அந்தத் தொடரில் 16 ஆட்டத்தில் 16 விக்கெட் எடுத்தார். நவம்பர் 6, அபுதாபியில் தோற்றால் வெளியே என்ற ஆட்டம். 56 ரன் அடித்து நின்றுவிட்ட டிவில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரால் சாய்த்தார். அதே சமயத்தில்தான் ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் வீடு திரும்பவில்லை. அங்கிருந்தே ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். முதலில் அவரைத் தேர்ந்தெடுத்தது அணி வீரராக இல்லை, வலையில் மற்றவர்களுக்குப் பந்து போட்டுப் பயிற்சி கொடுக்கும் ஆளாக. மறுபடியும் காத்திருக்கும் வேலைதான்.

அங்கே ஒவ்வொருவராகக் காயம்பட்டார்கள். டிசம்பர் 2, கான்பெராவில் ஒருநாள் ஆட்டம். முதல் விக்கெட் லபுஷேன். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் இருபது ஓவர் ஆட்டத்தில் 30 ரன் கொடுத்து 3 விக்கெட். தொடர் நாயகனான ஹார்திக் பாண்டியா அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்துவிட்டார். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் காபா மைதானம். இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர் சின்னப்பம்பட்டிக்காரர். முதல் இன்னிங்ஸில் மூன்று பேரைச் சாய்த்தார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றே அறியாத அந்த மைதானத்தில் இந்தியா 328 ரன்னைத் துரத்தி வென்றது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயரும் கிடைத்தது. கேப்டன் ரகானே வென்ற கோப்பையை வாங்கி இவர் கையில்தான் கொடுத்தார்.

வலையில் பந்து போட வந்தவரை டெஸ்ட் ஆட விட்டது அதிர்ஷ்டம்தானே என்று கேட்பீர்கள். அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. நாலைந்து பேருக்கு அடிபட்டதால் கதவு திறந்தது. ஆனால் 2018-லும் 2019-லும் அந்தக் கை சும்மா இருந்திருந்தால், திறந்த கதவுக்குள் போய் முதல் ஓவரிலேயே அடி வாங்கி வெளியே வந்திருப்பார்.

ஜனவரி 21 அன்று சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய ரதத்தில் அவரை அழைத்துவந்தார்கள். மேளமும் கூட்டமும் கொஞ்சநஞ்சமில்லை. அதற்குப் பின் அவர் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டதையும் படத்தில் பார்த்தோம். இனி இவரை யாரும் அசைக்க முடியாது என்று எல்லோரும் பேசினோம்.

மார்ச் 28, புனேயில் இங்கிலாந்தோடு ஒருநாள் தொடரின் முடிவு ஆட்டம். கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எதிரே அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறார் சாம் கரன். பந்து நடராஜன் கையில். அந்த ஓவரில் அவர் கொடுத்தது ஆறே ரன். இந்தியா 7 ரன்னில் வென்றது. அவர் இந்தியாவுக்காக ஆடிய ஏழாவது ஆட்டம் அது. அடுத்த மாதமே முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. எட்டாவது ஆட்டம் இன்றுவரை வரவில்லை.

உச்சுக் கொட்டுகிறவர்கள் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். நான் இதற்கு மேல்தான் சொல்ல வந்தேன். முட்டி அறுத்தவர் 2022-இல் திரும்பி வந்து 11 ஐ.பி.எல். ஆட்டத்தில் 18 விக்கெட் எடுத்தார். 2024-இல் 14 ஆட்டத்தில் 19 விக்கெட். அந்த ஆண்டு டெல்லியோடு மோதிய ஆட்டத்தில், பத்தொன்பதாவது ஓவரை ரன்னே கொடுக்காமல் போட்டு, மொத்தம் 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். நன்றாகப் போடும் ஆளையே தூக்கி அடிக்கிற அந்த ஆட்டத்தில் பத்தொன்பதாவது ஓவர் மெய்டன் என்பது என்ன என்று ஆடுகிற பையன்களைக் கேளுங்கள். அடுத்த ஏலத்தில் டெல்லியே அவரை 10.75 கோடிக்கு எடுத்தது. எடுத்துவிட்டு 2025-இல் இரண்டே ஆட்டத்தில் இறக்கியது. மறுபடி பெஞ்சு. 40 லட்சத்துக்கு உட்கார்ந்ததும் பத்தே முக்கால் கோடிக்கு உட்கார்ந்ததும் உட்கார்ந்ததுதான். உழைக்கிறவனை உட்கார வைப்பதா, இறக்குவதா என்பதை யாரோ எங்கேயோ முடிவு செய்கிறார்கள். அது அவன் கையில் இல்லை.

அவர் கையில் இருந்ததை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். காசு வந்ததும் குடும்பத்துக்கு வீடு, தங்கைகளுக்குப் படிப்பு. அது எந்த மூத்த பிள்ளையும் செய்வது. அதற்கு மேல், சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். தான் டென்னிஸ் பந்தோடு இருபது வயதுவரை நின்ற இடத்தில், பத்து வயதுப் பிள்ளை தோல் பந்தைத் தொட வேண்டும் என்பதுதான் கணக்கு. மைதானம் வருவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது. 2019 டி.என்.பி.எல். தொடரில் அதிக விக்கெட் எடுத்த ஜி. பெரியசாமியும் அதே ஊர்தான், நடராஜன் வழிகாட்டிய பையன்தான். ஜெயப்பிரகாஷ் ஒருவரைத் தூக்கிவிட்டார், அவர் இன்னொருவரைத் தூக்கிவிட்டார். ஏழு ஆட்டம் என்ற கணக்கில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காத்திருக்கிற எல்லோருக்கும் கதவு திறப்பதில்லை. நடராஜன் போலவே யார்க்கர் போட்டு, நடராஜன் போலவே உழைத்து, இன்றைக்கும் ஜலகண்டாபுரத்திலும் தாரமங்கலத்திலும் தறி ஓட்டிக்கொண்டிருக்கிற பையன்கள் இருப்பார்கள். அவர்கள் தோற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். திருந்திய கையும் நேரத்துக்கு எழும் பழக்கமும் எந்த வேலைக்கும் கூட வரும். திண்ணையில் சீட்டாடியவனுக்கு அதுவும் இல்லை.

நம் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு பிள்ளை பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறது. அரசுத் தேர்வு அறிவிப்பு வரட்டும், கம்பெனி கூப்பிடட்டும் என்று இருக்கிறது. கண்ணு, உனக்குச் சொல்ல என்னிடம் மூன்று விஷயம் உண்டு. பத்து வித்தையில் கை வைக்காதே, ஒன்றை அந்த ஒரு சாண் இடத்தில் விழும்வரை பழகு. குறை சொல்கிறவன் எதிரியா நண்பனா என்று ஆராய்வதை விட்டுவிட்டு, குறை நிஜமா என்று மட்டும் பார், நிஜமென்றால் வெட்கப்படாமல் திருத்து. உனக்கு ஒரு படி கிடைத்தால், அடுத்தவனுக்கு அந்தப் படியைக் காட்டிக்கொடு. நீ காட்டாவிட்டால் நம் ஊரில் அவனுக்குக் காட்ட வேறு ஆள் கிடையாது.

அறிவிப்பு வந்த பிறகு புத்தகம் வாங்கப் போகிறவனுக்கு எப்போதும் நாள் போதாது. அது எப்போது வரும் என்று தினமும் போனைப் பார்ப்பதால் ஒரு நாள்கூட முந்தி வராது. போனை வைத்துவிட்டு, உனக்கு வராத பாடம் எதுவோ அதை இன்றைக்கே எடு.